பட்டியலில் மிஞ்சிய ஒருத்தி

பதிவேட்டில் ஏழு லட்சத்துப் பதினோராயிரத்து நாற்பது நோயாளிகள் இருந்தார்கள். தேடுபட்டியலில் ஒருத்தி கூடுதலாக இருந்தாள்.

அறிவுச்செல்வி மூன்றாம் முறையாக எண்ணிக்கையைப் பார்த்தாள். 2004 சித்திரை மாதத்து மதியம். திண்டுக்கல்லே தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரி மாடியிலிருந்த கம்ப்யூட்டர் அறையில் மட்டும், பழைய ஏ.சி. ஒன்று ஒட்டன்சத்திரத்துத் தக்காளி லாரி மலையேறுவதுபோல முக்கி முனகிக்கொண்டு, தூரத்துத் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தையும் வராந்தாப் பினாயிலையும் ஒன்றாகக் குழைத்து அவள் பிடரியில் ஊதிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் சொல் சொல்லாகப் பிய்த்து அகர வரிசையில் அடுக்கி வைப்பதுதான் தேடுபட்டியல். டாக்டர் ‘காமாலை’ என்று தட்டினால் போதும். சோழர் காலத்துக் காமாலைகூட எழுந்து வந்து கைகட்டி நிற்கும். பதிவேட்டில் ஆள் சேர்ந்தால் பட்டியலிலும் சேரவேண்டும், அங்கே அழிந்தால் இங்கேயும் அழியவேண்டும். அந்தத் துப்புரவைத் தினமும் நாலு மணிக்குக் கம்ப்யூட்டரே செய்துவிடும்.

மணி மூன்றரை.

“பாக்கியராஜ், ஒரு ஆளு கூட வருதுப்பா.”

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பாக்கியராஜ் திரும்பவில்லை. “நேத்து இரட்டைப் பதிவையெல்லாம் அழிச்சது நீங்கதானக்கா? ரெண்டுல ஒண்ண அழிக்கச் சொன்னா, ரெண்டையும் வழிச்சுப் போட்டுருப்பீங்க. அதோட மிச்சம் பட்டியல்ல செத்த நேரம் கெடக்கும். நாலு மணிக்குப் போயிரும்.”

அவள் அந்தக் கூடுதல் ஆளின் எண்ணைத் திறந்தாள். விவரம் வரவில்லை. வெறும் சொற்கள். அறிவுச்செல்வி. ஆறு. இடது. இளவேனில். சின்னாளப்பட்டி. தழும்பு. தாய். புண். மச்சம். முகம். முழங்கால். வயது. வாய். விரல். வீக்கம்.

“இதுல எம்பேரு இருக்கு. எங்க ஊரு இருக்கு. தாய்னு இருக்கு.”

“சின்னாளப்பட்டியில நீங்க ஒருத்திதான் அறிவுச்செல்வியா? ஒங்களுக்குத்தான் புள்ள இல்லையேக்கா.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். “டீ குடிச்சுட்டு வாரேன்.”

ஆமாம். கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. அப்படியென்றால் அடிவயிற்றில் குறுக்காக ஓடும் அந்தத் தையல் எதற்கு? குடல்வால் ஆபரேஷன் என்றுதான் இந்த நிமிஷம்வரை நினைத்திருந்தாள். எந்த டாக்டர்? எந்த வருஷம்? புடவைக்கு மேலாகத் தடவிப் பார்த்தாள். நீளமாக இருந்தது. ஒரு தலை வெளியே வருகிற நீளம்.

“இளவேனில்,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை, தெருமுனை கேட்கக் கூப்பிட்டுத் தேய்ந்த பெயர் அது. நாக்குக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

மூன்று ஐம்பத்தாறு.

நேற்றுத் தன் கையாலேயே அழித்துவிட்ட இளவேனில், இந்தச் சொற்களும் போய்விட்டால் உலகத்தில் எங்குமே இருக்கமாட்டாள். பதிவேட்டில் திரும்ப ஏற்றவேண்டும். புதிய பக்கத்தைத் திறந்தாள். பெயர், இளவேனில். வயது, ஆறு. தாய், அறிவுச்செல்வி. ஊர், சின்னாளப்பட்டி.

அதற்குக் கீழே இரண்டிரண்டு கட்டங்கள், உடம்பில் எது, எந்த இடத்தில் என்று.

கை நின்றது. எந்தச் சொல் எதோடு இருந்தது? அதைப் பட்டியல் வைத்துக்கொள்வதில்லை. பெற்றவள் சொல்லலாம். பெற்றவளுக்கு முகமே நினைவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டு.

வேர்வை. விரல் வழுக்கியது. யோசிக்க நேரமில்லை. பட்டியலில் இருந்த வரிசையிலேயே கட்டங்களில் கொட்டினாள். இடது, தழும்பு. புண், மச்சம். முகம், முழங்கால். வாய், விரல். வீக்கம்.

பொத்தானை அழுத்தினாள்.

நாலு.

திரை ஒருமுறை கண்மூடித் திறந்தது. பதிவேட்டில் ஏழு லட்சத்துப் பதினோராயிரத்து நாற்பத்தொன்று. பட்டியலிலும் அதே.

மறுகணம் எல்லாம் வந்தது. சீயக்காய் மணக்கும் தலை. சைக்கிளிலிருந்து விழுந்து இடது முழங்காலில் தழும்பு. விரலில் மச்சம். வாய்ப்புண், முகமெல்லாம் வீக்கம், அழுகை. போன மாதம்தான் இங்கே தூக்கி வந்தாள். என் பிள்ளை. என் தங்கம்.

அப்புறம், தான் தட்டியதைத் திரையில் படித்தாள்.

“அக்கா!” கீழ்ப்படியிலிருந்து பாக்கியராஜின் சிரித்த குரல். “பாப்பா வந்துருக்கு! ஏ இளவேனி, ஏன் அந்தப் பக்கமாத் திரும்பி...”

டீ கிளாஸ் உடைந்தது. அதன்பிறகு அவன் குரல் இல்லை.

படியில் காலடிகள். சின்னவை. ஒன்று மட்டும் ஈரமாக.

ஏ.சி. நின்றது.

கதவு ஒரு சாண் திறந்தது. கவுன் விளிம்புக்குக் கீழே, முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில், இளவேனிலின் இரண்டு கண்களும் அவளை அண்ணாந்து பார்த்தன. மேலே, கதவு விளிம்பை ஐந்து விரல்கள் பற்றியிருந்தன. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சின்ன வாய். பால்பற்கள்.

ஐந்தும் ஒன்றாகத் திறந்தன.

“அம்மா.”