ஏழாம் மாதத்தில் ஒரு முழுப் பெயர்

ஸ்கேன் அறை வாசலில் அவளுடைய பதினான்காம் எண்ணைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டதோ பெயரை. "ஃபாங் யுவேசின்" என்று குலப்பெயரோடு, பின்னாலிருந்து, பிடரியில் மூச்சுப் படும் நெருக்கத்தில். யோசிக்காமல் யுவேசின் "இதோ" என்றுவிட்டாள். திரும்பினால் வெறும் சுவர்.

சீனப் பஞ்சாங்கத்தில் செத்தவர்களுக்கு வாசல் திறந்துவிடும் ஏழாம் மாதம் அது. ஹுவாலியனில் இந்த மாதம் யாரும் யாரையும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அழைத்தாலும் பதில் கொடுப்பதில்லை; கொடுத்தால் கூப்பிட்ட ஆவி அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும் என்பார்கள். தெரிந்தும் வாய் தவறிவிட்டதே என்று யுவேசினுக்கு அழுகை வந்தது. கழுத்தில் மூன்று மாதமாக நெல்லிக்காய் அளவில் கட்டிகள். புருஷனைப் போன வருடம் புற்றுநோய் கொண்டுபோயிற்று. இது காசநோயாக இருந்துவிட்டால் மாத்திரையில் போய்விடும். ஒன்பது வயது மகள் யூதோங்குக்கு அவளை விட்டால் நாதியில்லை. காசநோயைக் கொடு என்று சாமியிடம் மன்றாடுகிறவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?" என்று நர்ஸ் ஷூஃபென்னிடம் கேட்டாள்.

"நாங்களா? இந்த மாசத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா பாதிப் பேரு எழுந்து ஓடிடுவாங்கக்கா. நம்பர் மட்டுந்தான்."

தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார்கள். ஸ்பிரிட் வாடையும், தெருவில் யாரோ செத்தவர்களுக்குக் காணிக்கைத் தாள் எரிக்கும் புகையும், தோலில் வழுக்கும் பசையின் குளிர்ச்சியும், ஸ்கேன் கருவியின் ஓயாத ரீங்காரமும் ஒன்றாக அவள்மேல் இறங்கின.

"கட்டியில ஊசி விட்டு சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி முழுப் பேரும் பிறந்த தேதியும் நீங்களே சொல்லணும்மா. எந்த மாசமா இருந்தாலும் அதுதான் ரூல்," என்றார் டாக்டர் கான்.

வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. மகளின் பெயர் நினைவில் இருந்தது. புருஷன் பெயர் இருந்தது. அவளுடையது இல்லை.

"ஃபாங் யுவேசின்," என்றது அவள் குரல், தலைமாட்டிலிருந்து. பிறந்த தேதியையும் பிசகாமல் சொன்னது.

"சரி. டக்குன்னு சத்தம் வரும். அசையாதீங்க."

நான் சொல்லவில்லை என்று கத்தினாள். சத்தம் எழவில்லை. டக். வலிக்கவில்லை. டக். ஊசி அவள் கழுத்திலேயே இல்லை. டக்.

அவள் படுத்திருந்த இடத்திலிருந்தே யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள். அவளுடைய நீலச் சட்டை. கழுத்தில் பிளாஸ்திரி.

"சீழ் மாதிரிதான் வந்திருக்கு. காசநோயாத்தான் தோணுது. ரிப்போர்ட் வரட்டும், ஆறு மாசம் மாத்திரை போட்டா சரியாயிடும். அழாதீங்கம்மா," என்றார் டாக்டர் அதனிடம்.

கதவு திறந்தது.

"அம்மா, வலிச்சுதா?"

"இல்லடி செல்லம். வா, வீட்டுக்குப் போலாம்."

யூதோங் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

யுவேசினால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. ஷூஃபென் வந்து புதுக் காகித விரிப்பைச் சுருளிலிருந்து இழுத்து, கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை, அவளுடைய திறந்த கண்களுக்கு மேலாக நீவிவிட்டு, "பதினஞ்சு" என்று கூப்பிட்டாள்.