தண்ணீருக்குப் போகாத தடம்

நத்தைகள் எல்லாம் தண்ணீருக்குத்தான் போயிருந்தன. முந்தின நாள் மாலை வாரிப்போட்ட பாசிக் குவியலிலிருந்து குளத்தின் விளிம்புவரை, ஈர மண்ணில், அவற்றின் கோடுகள் நூல் நூலாக இறங்கியிருந்தன. பக்கிரிசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான். தவளைக்குஞ்சு உந்திய தடம், புழு நெளிந்த தடம், நண்டு நடந்த புள்ளிகள், எல்லாமே கீழ்நோக்கி இருந்தன. ஒன்று மட்டும் மேல்நோக்கி ஏறியிருந்தது. உள்ளங்கை அகலத்தில், புல்லை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கரைமேட்டில் ஏறி, அவன் வீட்டுப் பக்கம் பத்தடி போயிருந்தது. அங்கே ஒரு சிறு வட்டம். நின்று எதையோ பார்த்ததுபோல. பிறகு இன்னொரு கோடாகத் தண்ணீருக்குத் திரும்பியிருந்தது.

உடும்பு என்று சொல்லிக்கொண்டான். ஆனால் உடும்புக்கு நகம் உண்டு. விலாங்கு என்று சொல்லிக்கொண்டான். விலாங்கு இவ்வளவு அகலம் வராது. விரலால் தொட்டுப் பார்த்தான். காய்ந்த கஞ்சிபோல மினுக்கிய அது, தொட்ட இடத்தில் விரலைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

வாரிய பாசியை உடனே தூக்கிக்கொண்டு போகக் கூடாது, ஓர் இரவு கரையில் கிடக்கவிட வேண்டும் என்பது அவன் தொழிலில் வழக்கம். பாசிக்குள் மாட்டிய சிற்றுயிர்கள் அந்த ஓர் இரவில் தண்ணீரைத் தேடிப் போய்விடும். பிறகு பாசி வெறும் பாசி. தென்னைக்கு எருவாகப் போடலாம், பாவமில்லை. பாவத்துக்கு அவன் இந்த வருஷம் மிகவும் பயந்தான்.

புஷ்பவள்ளிக்கு எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு போய்விட்டன. இரண்டாவது போவதற்கு ஒரு வாரம் முன்னால், விறகுக் கட்டிலிருந்து வந்த பாம்பை அவன் அடித்திருந்தான். வயிற்றுப் பிள்ளைக்காரியின் புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, பாடை தூக்கக் கூடாது என்பது தெரிந்தும் அடித்தான். பாம்பின் வால் வெகுநேரம் துடித்ததை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி இருவரும் ஒருபோதும் பேசியதில்லை. இந்த முறை அவன் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டினான்.

குளம், தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் செட்டியார் ஒருவரின் தோட்ட பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. கரை சுற்றிவரக் கால் மணி நேரம் ஆகும். கடலுக்கு அப்பால் காரைக்குடியில் முதலாளி வீட்டில் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் இங்கே இரண்டு ஆமையும் ஒரு கூடை மீனும் விடுவார்கள். முப்பது வருஷமாக விட்டவை பெருகிக் கிடந்தன. தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் இந்தக் குளத்தில்தான் குளிப்பார்கள். அதற்கு எட்டு நாள் இருந்தது. குளமோ கரைக்குக் கரை பச்சைக் கம்பளி போர்த்திக் கிடந்தது. விடியும் முன், அடியில் மூச்சுமுட்டிய மீன்கள் அந்தக் கம்பளியின் கிழிசல்களில் வாயை வைத்துக் காற்று குடிக்கும் சத்தம், ஈரத்துணியை யாரோ மெல்ல மெல்லக் கிழிப்பதுபோல, அவன் வீட்டுக்குள் வரை கேட்கும்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் சாத்தப்பன் தினமும் குடையோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். "ஏம்ப்பா பக்கிரி, கொளத்துக்குப் புடிச்ச பாசி ஒன் மூஞ்சியிலயும் ஏறிருச்சா?" என்று அவன் தாடியைக் காட்டிக் கேட்பார். கவர்மெண்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சொன்னாரென்று ஒரு மூட்டை மயில்துத்தம் வாங்கிவந்து கொடுத்திருந்தார். அளவாகப் போட்டால் பாசி சாகும், அளவு தப்பினால் மீனும் சாகும். ஓர் ஆமை செத்து மிதந்தாலும் முதலாளி வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆகாது என்றும், அப்புறம் இவனும் இவன் பெண்டாட்டியும் ஊருக்குத் திரும்பும் கப்பலில்தான் இருப்பார்கள் என்றும் சொல்லியிருந்தார். மாசமாக இருப்பவளை ஒன்பது நாள் கப்பலில் ஏற்றுவதை நினைத்தே பக்கிரிசாமி மூட்டையை விறகுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையாலேயே வாரிக்கொண்டிருந்தான்.

அன்று காலை அவன் தெப்பத்தில் ஏறி நடுக்குளத்துக்குப் போனான். மூங்கில் கழியைப் பாசிக்குள் நுழைத்துத் திருகினால் நூல் கண்டாகச் சுற்றிக்கொண்டு வரும். வெயில் ஏறியதும் பாசியிலிருந்து பச்சை நெடி கிளம்பியது. தூரத்தில் மலையிலிருந்து விழும் தண்ணீரின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே இருந்தான்.

கழி நின்றது.

வேரில் மாட்டியிருக்கும் என்று அழுத்தினான். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் கைக்குள் கழி இடப்பக்கமாகத் திரும்பியது. மெதுவாக, ஒரு முழுச் சுற்று. அவன் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல.

அவன் கழியை விட்டான். அது சாயவில்லை. நட்டு வைத்ததுபோல நின்று, இன்னொரு சுற்றுத் திரும்பி, அப்புறம்தான் விழுந்தது.

அதோடு வந்த பாசியை எப்படிக் கரைக்கு இழுத்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓட முடியாது என்பது மட்டும் தெரிந்தது. சாயங்காலம் குவியலைக் கூட்டிவைத்தபோது அதன் நடுப்பகுதி ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. மூச்சு விடும் அளவுக்குத்தான். மண்வெட்டி கையிலேயே இருந்தது. தலைக்குமேல் ஓங்கிவிட்டான். ஒரே வெட்டு. வீட்டுப் பக்கமிருந்து புஷ்பவள்ளி இருமும் சத்தம் வந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கை வயிற்றின்மேல்.

மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

மறுநாள் விடியலில் தடம் குளிக்கும் கல்வரை போய்த் திரும்பியிருந்தது. அதற்கு மறுநாள் துணி காயும் கொடிவரை. புஷ்பவள்ளியின் சேலை நுனி கொடியிலிருந்து தரைவரை தொங்கியது, நுனியில் ஒரு சாண் பச்சையாக நனைந்திருந்தது. குவியலை எதிர்க்கரையில் கொண்டுபோய்ப் போட்டான். எதிர்க்கரையிலிருந்து ஒரு தடம் தண்ணீருக்குள் இறங்கியது, இந்தக் கரையில் அதே தடம் ஏறியது. நான்காம் நாள் வாசல் படியில் இருந்தது. எப்போதும் இரண்டு கோடுகள். வந்த கோடு, போன கோடு. போன கோட்டைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு நாளும் அவனுக்கு மூச்சு வரும்.

கதவின் அடியில் சாக்கைத் திணித்தான். பலகைத் தரையின் இடுக்குகளில் கந்தலை அடைத்தான். புஷ்பவள்ளி ஏன் என்று கேட்கவில்லை. நான்கு நாளாக அவள் பேச்சே குறைந்திருந்தது. பகலெல்லாம் பாயில் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, எதையோ கேட்பவள்போலக் கிடந்தாள். கேட்டால் அலுப்பு என்பாள். அவனும் மேலே கேட்கவில்லை. சொன்னால் அவள் பயந்துவிடுவாள் என்று அவன் தடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லாத ஒன்று இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை மருத்துவச்சி சலேஹா பின்பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க்காரர் குடியிருப்பிலிருந்து, வந்தாள். எண்ணெய் தடவி வயிற்றை வெகுநேரம் அழுத்திப் பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே வந்து கையை இரண்டு முறை கழுவினாள்.

"எப்படியிருக்கு அக்கா?" என்றான்.

"நாளைக்கு வர்றேன் லா தம்பி," என்றாள் அவனைப் பார்க்காமல். "அவகிட்டயே இரு. கொளம் எங்கயும் போயிடாது."

அன்றிரவு அவன் முடிவு செய்தான். மூட்டையை எடுக்க வேண்டியதுதான். முழுக் குளத்துக்கும் அல்ல, பாதிக்கு மட்டும். துரையே சொன்ன வழி அதுதான், பாதிக்குப் போட்டால் மீனும் ஆமையும் மறுபாதிக்கு ஓடிவிடும், எதுவும் சாகாது. வீட்டை ஒட்டிய பாதியில் போட்டால் அதுவும் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். கரையெல்லாம் துத்தமாக இருக்கும்போது இந்தப் பக்கம் ஏறி வர முடியாது. இது கொல்வதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். விரட்டுவதுதான். கொசுவை ஊதுவதுபோல.

விடியும் முன்பே எழுந்தான். தடத்தைப் பார்க்கக் குனியக்கூட இல்லை. கோணிப்பையில் துத்தத்தைக் கட்டித் தெப்பத்தின் பின்னால் தொங்கவிட்டான். வெயில் வந்ததும் வீட்டுக் கரையிலிருந்து தொடங்கி, கரையை ஒட்டி முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு போனான். பையின் பின்னால் மயில் கழுத்து நிறத்தில் ஒரு வால் நீண்டு கலைந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாசிக்கு அடியில் தண்ணீர் முழுவதும் ஒரே திசையில் அசைந்தது. முதுகுகள், செதில்கள், ஆமைத் தலைகள் எல்லாம் எதிர்க்கரைக்கு. அவன் வாய்விட்டுச் சிரித்தான். சாத்தப்பன் குடையைச் சாய்த்துப் பார்த்து, "இதத்தானய்யா நான் அப்பவே சொன்னேன்," என்றார். அன்று சாயங்காலம்வரை ஒரு மீன்கூட மிதக்கவில்லை. சலேஹா வந்தபோது புஷ்பவள்ளி கதவைத் திறக்காமலே, தேவையில்லை என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பிவிட்டாள். இருட்டிய பிறகு அவன் விளக்கில்லாமல் வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். அறையில் பச்சை நெடி இருந்தது. தன் கையிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

மறுநாள் விடியலில் வீட்டுப் பக்கத்துப் பாதி வெளுத்துக் கிடந்தது. பாசி பழுப்பாகி அமிழ்ந்திருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு தண்ணீரில் வானம் தெரிந்தது. கரையில் ஈர மண் துடைத்தது போல இருந்தது. தடம் இல்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். போய்விட்டது. புஷ்பவள்ளியிடம் இனி எல்லாவற்றையும் சொல்லலாம். சிரித்துக்கொண்டே சொல்லலாம். எழுந்து வீட்டுக்கு நடந்தான்.

கரைமேட்டில், புல் தொடங்கும் இடத்தில், பழைய தடம் கிடந்தது. நேற்று விடியலில் அவன் குனிந்து பார்க்காத தடம். வெயிலில் காய்ந்து மினுக்கியது. அதன் பக்கத்திலேயே நடந்தான். குளிக்கும் கல்லைத் தாண்டியது. கொடியைத் தாண்டியது. நடக்க நடக்க அவன் கால் தயங்கியது. ஏதோ குறைந்தது. என்னவென்று தெரிய இன்னும் நாலடி ஆனது.

ஒரே கோடு.

வந்த கோடு மட்டும். போன கோடு இல்லை.

படியில் ஏறியிருந்தது. கதவின் அடியில் அவன் திணித்த சாக்கு, ஓரத்தில், உள்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. நேற்று பகல் முழுவதும் அவன் குளத்தில் இருந்தான். அதன் தண்ணீரில் துத்தம் கலந்துகொண்டிருந்தான். அது குளத்தில் இல்லை. திரும்பிப் போக அதற்கு இடமும் இல்லை.

கதவைத் தள்ளினான்.

தரைப் பலகையில் கோடு போனது. பாய்வரை. பாயின் விளிம்பு பச்சையாக நனைந்து உலர்ந்திருந்தது. அங்கே நின்றுவிட்டது.

புஷ்பவள்ளி விழித்திருந்தாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவன் கை கதவோரம் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தேடியது. கிடைத்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"ஒங்ககிட்ட சொல்லல," என்றாள். "நாலு நாளா அசைவே இல்லாம இருந்துச்சுங்க. சலேஹா அக்காவும் கைய விரிச்சிட்டா. சொல்ல எனக்குத் தெம்பில்ல. நேத்து விடியக்கால, தூக்கத்துல ஜில்லுன்னு என்னமோ ஆச்சு. அதுலேருந்து ஓயாம பொரளுது. நிஜந்தானான்னு ஒரு நாள் முழுக்க பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மண்வெட்டி தரையில் சாய்ந்தது. சேலையை விலக்கி, அவன் உள்ளங்கையைத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள்.

"பாருங்க."

தோல் குளத்து நீர்போலக் குளிர்ந்திருந்தது. அதன் அடியில் உதை இல்லை. முட்டி இல்லை, குதிகால் இல்லை. நீளமாக ஒன்று, அவசரமில்லாமல், இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுத் திரும்பியது. அவன் உள்ளங்கைக்கு நேராக வந்து நின்றது. ஒரு வாய், தோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லத் திறந்து, அவன் கையின்மேல் பொருந்திக்கொண்டது.

புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்திருந்தாள். அவன் கையை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை.