பாவமன்னிப்புக் கூண்டு

கெமிஸ்ட்ரி லேபில் பிணம் கிடந்தது.

லேப் அட்டெண்டர். பின்மண்டையில் ஒரே அடி.

பத்தே நிமிடத்தில் போலீஸ் வந்தது. பள்ளியின் மூன்று கேட்டுகளும் சாத்தப்பட்டன. மாணவர்கள் வகுப்பறைகளில் அடைபட்டார்கள். ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில்.

கெமிஸ்ட்ரி மாஸ்டர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கொன்றவர் அவர்தான்.

பள்ளி மையத்துக்கு வந்திருந்த கல்லூரி நுழைவுத் தேர்வு வினாத்தாளை அவர் தனக்கு வேண்டிய சிலருக்கு முன்கூட்டியே கொடுத்ததை அட்டெண்டர் கண்டுபிடித்துவிட்டார். பிரின்சிபாலிடம் சொல்லியே தீருவேன் என்று நின்றார். கைக்கு எட்டியது இரும்பு ஸ்டாண்ட். அப்புறம் அதைக் கழுவி, கைரேகை துடைத்து... எல்லாம் கச்சிதம்.

ஒன்றைத் தவிர.

லேபை விட்டு அவர் வெளியே வந்தபோது, வராந்தாவில் எதிரே வந்தார் பிரின்சிபால் ஃபாதர். ஒரு புன்னகை. ஒரு தலையசைப்பு.

தூக்குக் கயிற்றுக்கு அது போதும்!

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். ஃபாதரைக் கேட்டால் முடிந்தது கதை. ஓடலாமென்றால் கேட்டில் துப்பாக்கியோடு ஆள்.

சட்டென்று மாஸ்டரின் மூளையில் பொறி தட்டியது.

பாவமன்னிப்புக் கூண்டில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்லக்கூடாது. உயிரே போனாலும்!

ஃபாதரைப் பார்த்து ஜெபம் பண்ண வேண்டும் என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் கெஞ்சினார். ஃபாதர் சிற்றாலயத்துப் பக்கம் போனார், சீக்கிரம் திரும்பி வாங்க என்று அனுப்பினார் கான்ஸ்டபிள்.

சிற்றாலயத்தில் பெஞ்சுகள் காலி. கூண்டின் திரை மட்டும் மூடியிருந்தது. உள்ளே ஆள் அசைவு.

மாஸ்டர் முழந்தாளிட்டார்.

"ஃபாதர்... பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"ம்ம்..."

"அட்டெண்டரைக் கொன்னது நான்தான். ஸ்டாண்டால அடிச்சேன்."

"ம்ம்ம்?"

"வராந்தாவுல என்னைப் பார்த்ததை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. சொல்லவும் கூடாது... உங்க திருச்சபைச் சட்டமே அப்படித்தானே?"

"ம்... ம்ம்..."

நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. எழுந்து திரும்பினார்.

வாசலில் இன்ஸ்பெக்டர்.

பக்கத்தில்... ஃபாதர்!

"எங்க போனீங்க மாஸ்டர்? ஃபாதர் உங்களை லேப் பக்கம் பார்த்ததா சொன்னார். அதான் கேட்கலாம்னு வந்தோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாஸ்டர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் கூண்டுக்குள்...?

திரை விலகியது. சுத்தியலும் கையுமாக ஒரு கார்பென்டர் வெளியே வந்தார். வாயிலிருந்த நாலு ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார். உள்ள பலகை ஆடுதுன்னு ஃபாதர் வரச் சொன்னார். நான் ஃபாதர் இல்லைன்னு அப்பவே சொல்லியிருப்பேன்... வாய் நிறைய ஆணி. இப்ப வாய் காலி. இன்ஸ்பெக்டர் ஐயா, எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"