யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது

காலை ஏழு மணிக்கே அந்த வீட்டில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. மருமகள் வாய் திறக்காத நாட்களில் கரண்டிதான் அவளுக்காகப் பேசும். சாப்பாட்டு மேஜையில் நகராட்சிப் பூங்காத் துறையிலிருந்து வந்த கடிதம் பிரிந்து கிடந்தது. பெரியவன் அதை மூன்றாவது முறையாகப் படித்தான். அவன் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். விசில் இல்லாமலே வீட்டுக்குள் விசில் அடிக்கிற குரல். அன்றைக்கு அந்தக் குரல் உள்ளே போயிருந்தது.

“கடைசி பஸ் ஸ்டாப்புல அப்பா நினைவா ஒரு மரம். சரி, நல்ல விஷயம். அதைப் பார்த்துக்கிற பொறுப்புக்குத் தம்பி பேரு... என் பேரு எங்கம்மா?”

அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நாலு வருஷமா அவன் இந்த வாசப்படி மிதிக்கலை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது யாரு? இன்னைக்கு வரைக்கும் உன்கூட இருக்கறது யாரு? கூட இருக்கறவன்னா அவ்வளவு இளக்காரமா?”

“நான் எனக்காகப் பேசலை அத்தை,” என்றாள் மருமகள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. “ஆனா இவரு ராத்திரி பூரா தூங்கலை. அதை மட்டும் சொல்றேன்.”

பதில் அம்மாவிடம் இருந்தது, சொன்னால்தான் ஆபத்து. சட்டையை மடித்தவள் அதை உதறி மறுபடியும் மடித்தாள்.

அவள் கணவர் முப்பத்தோரு வருடம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவர். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பிப் போட்டால் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் மொட்டை வெயிலில் நின்று வண்டியின் கண்ணாடியைத் துடைப்பார். எதிரே சின்னவனின் சைக்கிள் கடை; குடித்தனம் பின்தெருவில். “டிரைவர் வேலைக்கு வாடா” என்று அப்பா கூப்பிட்டு, அவன் மாட்டேன் என்று போய்க் கடை போட்டதில் இருவருக்கும் சண்டை. ஒரு நாளைக்கு நாலு தடவை எதிரெதிரே நின்றும் இருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்பா போன அன்று பெரியவன், “நீ கொடுத்த மனக்கஷ்டத்துலதான் போனாரு” என்று தம்பியைச் சொல்லிவிட்டான். அதோடு பேச்சு நின்றது.

அந்த வெயிலில் ஒரு நிழல் வேண்டும் என்றுதான் அம்மா பூங்காத் துறைக்கு ஐந்து முறை நடந்தாள். பொது இடம், ஆயிரத்தெட்டு விதிகள். மூன்று மாதம் கன்று பிழைத்தால்தான் பெயர்ப்பலகை. வாடினால் பிடுங்கிவிடுவார்கள், மறுபடி கேட்க முடியாது.

கன்று நட்டார்கள். பெரியவன் வரவில்லை. சின்னவன் கடை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். இவன் எங்கே தண்ணீர் ஊற்றப் போகிறான்? மறுநாள் அம்மா முதல் பஸ்ஸிலேயே ஒரு கேனோடு கிளம்பினாள். வீட்டில் காலை நடைப்பயிற்சி என்று சொன்னாள். பத்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு நடைப்பயிற்சி போன ஒரே பெண்மணி அவளாகத்தான் இருப்பாள்.

இரண்டு வாரத்தில் இலைகள் பழுத்தன. அவள் ஸ்டாப் குழாயில் மறுபடி நிரப்பி இரண்டு கேன் ஊற்றினாள். இன்னும் பழுத்தன. மூன்று ஊற்றினாள். ஒன்றிரண்டாக இலை கொட்ட ஆரம்பித்தது. அந்த மனிதரையே மறுபடியும் பறிகொடுக்கிற மாதிரி அவளுக்கு இருந்தது.

மூன்றாம் மாதம் நகராட்சித் தோட்டக்காரர் சோதனைக்கு வந்தார். கையில் கோப்பு. சனிக்கிழமை சாயங்காலம், கடை மூடுகிற நேரம். சின்னவன் கடையிலிருந்து இறங்கி வந்தான். அம்மா பயந்துகொண்டே நின்றாள். தோட்டக்காரர் குனிந்து மண்ணில் விரலை விட்டார். விரல் முழுசாக உள்ளே போனது.

“மரம் வெக்க இடம் கேட்டீங்கன்னு பார்த்தா, குளம் வெட்டி வெச்சிருக்கீங்க. வேர் அழுகுது. யாரு தண்ணி ஊத்துறது?”

“நான்தாங்க,” என்றான் சின்னவன். “தினமும் மத்தியானம் ரெண்டு வாளி. இலை பழுத்ததும் நாலாக்கினேன்.”

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். “நீ ஊத்தினியா? நான் காலையில மூணு கேன் ஊத்துறேனேடா...”

அப்போது பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் இரண்டு கேன். பின்னால் உட்கார்ந்திருந்த மருமகள் மடியில் இன்னொன்று. பெரியவன் எல்லோரையும் பார்த்தான். வண்டியைத் திருப்பலாமா என்று நினைத்தவனுக்குக் கேன் இடித்தது.

“சாயங்காலம் கடை மூடினதும் நான்,” என்றான் தலையைக் குனிந்துகொண்டு. “அவன் காய விட்டுடுவான்னு...”

“நான் லீவு நாள்ல மட்டும்தான் வருவேன்,” என்றாள் மருமகள் அவசரமாக.

தோட்டக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கோப்புல ஒருத்தர் பேருதானே இருக்கு? இத்தனை பேர் எப்படி?” என்று தாளைப் புரட்டினார். “ஓ... அம்மா ரெண்டு பேரு எழுதியிருக்காங்க. முதல் பேரை ஆபீஸ்ல அடிச்சிருக்காங்க. பொறுப்பாளர் அரை கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கணும்னு விதி.”

பெரியவன் கோப்பை வாங்கிப் பார்த்தான். அம்மாவின் கோணல் எழுத்தில் முதல் பெயர் அவனுடையது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

“இதை அன்னைக்கே ஏம்மா சொல்லலை? நான் எவ்வளவு பேசினேன் உன்னை...”

“சொல்லியிருந்தா அந்த ஆபீஸுக்கே போய்ச் சண்டை போட்டு, வந்த மரத்தையும் துரத்தியிருப்ப.” அம்மா கன்றைப் பார்த்தாள். “பேச்சு வாங்கினா என்னடா... உங்கப்பாவுக்கு நிழல் கிடைக்கணும்.”

அவன் அம்மாவின் இரு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். மருமகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னவன் கடைக்குள் போய் மண்வெட்டியோடு வந்தான்.

“ஒரு மாசம் தவணை தர்றேன்,” என்றார் தோட்டக்காரர். “சேத்தை அள்ளிட்டு மணல் போட்டு மேடாக்குங்க. யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது.”

அண்ணனும் தம்பியும் சேர்ந்து தோண்டினார்கள். பேச்சு மட்டும் அம்மா வழியாகத்தான் போனது. “அவனைத் தள்ளி நிக்கச் சொல்லும்மா.” “மணலை மெதுவாப் போடச் சொல்லும்மா அண்ணனை.” இரண்டடி தூரத்துக்கு அம்மா தபால்காரி ஆனாள். ஆனாலும் அவளுக்குக் கசக்கவில்லை.

மறு சனிக்கிழமை எல்லோரும் வெறுங்கையோடு வந்து சும்மா கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நுனியில் கடுகளவு ஒரு தளிர். அம்மா அதைத் தொடப் போனபோது மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து இன்னொன்று. வானம் இருண்டு, மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

“ஐயோ, ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னாரே...” என்றாள் மருமகள்.

சின்னவன் கடைத் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான். பெரியவன் ஒரு முனையைப் பிடித்தான். காற்றில் தார்ப்பாய் எகிறியது. நிறுத்தத்தில் இருந்த பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். நடுவில் கன்றோடு அம்மாவும் நனையாமல் குனிந்து நின்றாள்.

தார்ப்பாயில் தண்ணீர் தேங்கிக் கனத்தது. பெரியவன் அம்மாவைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியைப் பார்த்துக் கத்தினான்.

“டேய், அந்தப் பக்கம் தூக்கிப் பிடிடா.”

“பிடிச்சிருக்கேண்ணா,” என்றான் சின்னவன்.

நாலு வருடம் கழித்து வந்த அந்த ‘டேய்’ காதில் விழுந்ததும் அம்மா கன்றின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இனித் தபால் வேலை இல்லை.