அடிபடாத எல்லைக்கல்

அந்த நகையைப் பற்றி இன்னொரு தரம் வாயைத் திறந்தால் நாய்களை அவிழ்த்துவிடுவேன் என்று ஹாக்ஸ்பி சொன்னார். பயந்த மனிதர்தான் எடுத்த எடுப்பில் நாயைப் பற்றிப் பேசுவார். தேடி வந்த இடம் இதுதான் என்று சலோமிக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

இடம், இங்கிலாந்தின் மேற்கே ஆஷ்கோம் என்ற குட்டி ஊர். ஒரு தேவாலயம், ஓர் ஓடை, ஆட்களைவிட அதிகமாக ஆடுகள். ஊர்க் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், உருண்டையும் சதுரமுமாகக் கோத்த கனத்த தங்க நகை ஒன்று இருந்தது. தன் வயலை உழுதபோது கிடைத்த ஆதிகாலப் புதையல் என்று பெரிய பண்ணைக்காரரான ஹாக்ஸ்பி அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊரும் நம்பியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த சலோமியும் அவள் தம்பி ஜெபதுரையும் நம்புவார்களா?

"எக்கா, இது பாம்படம்லா!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் ஜெபதுரை. அதை அவன் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஊர்க்கார ஆச்சிகளின் காதில் ஆடிய நகையை அயல்நாட்டுப் பெட்டிக்குள் பார்த்த திருநெல்வேலிக்காரனால் அது ஆகிற காரியமா? அது எங்கள் ஊர்க் காது நகை என்று சலோமி ஆங்கிலத்தில் விளக்கியதும், பின்னால் நின்றிருந்த ஹாக்ஸ்பியின் முகம் வெளுத்தது. நாய்ப் பேச்சு அதன் பிறகுதான் வந்தது.

அவர்கள் தேடி வந்தது ஞானப்பூவை. ஐந்து தலைமுறைக்கு முந்தியவள். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு ஹாக்ஸ்பி துரை ஊர் திரும்பியபோது, அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகக் கப்பலேறினாள். பல் முளைக்கிற வயதிலிருந்த தன் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவள் வரவே இல்லை. திருடிவிட்டு எவனோடோ ஓடிவிட்டாள் என்று துரை சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து 'ஓடிப்போனவ வகையறா' என்ற பெயர் அந்தக் குடும்பத்தை விடவில்லை. போன வருடம் சலோமியைப் பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை, அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அம்மா அன்று சாப்பிடவில்லை. ஞானப்பூ ஓடவில்லை என்று நிரூபிக்காமல் திரும்புவதில்லை என்றுதான் சலோமி விமானம் ஏறினாள்.

ஞானப்பூவின் பாம்படம் ஒன்றில் மகள் கடித்த பள்ளம் இருக்கும் என்பது வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. பெட்டிக்குள் இருந்ததில் பள்ளம் இல்லை. அப்படியானால் அதன் ஜோடி எங்கே?

அவர்களுக்குத் துணை ஹில்டா. பாதி நிலத்தை ஹாக்ஸ்பியிடம் பறிகொடுத்த விவசாயி, தோளில் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டுகிறவள், ஊர்ச் சரித்திரம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மே மாதத்தில் ஊர் கூடி எல்லை சுற்றும் நாளில் அவர்களையும் அவள் அழைத்துப்போனாள். அது ஒரு விசித்திரமான வழக்கம். பாதிரியார் முன்னே நடக்க, ஊரே எல்லையைச் சுற்றி வந்து ஒவ்வொரு எல்லைக்கல்லையும் கம்பால் விளாசும். அந்தக் காலத்தில் பையன்களின் தலையையும் கல்லில் முட்டுவார்களாம். வலித்தால்தான் எல்லை மறக்காது என்று கணக்கு. சலோமியும் ஒரு கம்பை வாங்கி ஆசை தீர விளாசினாள்.

ஓடைக்கரைக் கல் வந்தது. ஒரு கம்பும் ஓங்கவில்லை. தொப்பிகளைக் கழற்றிவிட்டு எல்லோரும் பேசாமல் கடந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஹில்டாவுக்கே தெரியவில்லை, எப்போதும் இப்படித்தான் என்றாள்.

சலோமி கல்லின் முன்னால் நின்றாள். "ஏல, கல்லறைய யாரும் அடிக்க மாட்டாவல்லா," என்றாள்.

அதை ஜெபதுரை ஆங்கிலத்தில் சொன்னதும் ஹில்டாவும் நின்றுவிட்டாள். அந்நியர் எவராவது எல்லையில் செத்துக் கிடந்தால், அடக்கச் செலவுக்குப் பயந்து இரண்டு ஊர்களும் பிணத்தை அடுத்த ஊர்ப் பக்கம் தள்ளிவிடுமாம். யாரும் எடுக்காததை அங்கேயே புதைத்ததும் உண்டாம். ஊர்வலம் மேட்டைத் தாண்டி மறைந்தது. மூவரும் கல்லருகே நின்றார்கள். ஹாக்ஸ்பி பின்தங்கி, பக்கத்திலிருந்த தன் பண்ணைக்குள் நுழைந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

அவருடைய நாய்களில் ஒன்று சத்தமே இல்லாமல் பாய்ந்து ஜெபதுரையின் முன்கையைக் கவ்வியது. சதை கிழிந்து ரத்தம் தெறித்தது. ஹில்டா கம்பால் அதன் முதுகில் போட்ட போட்டில் அது அலறிக்கொண்டு ஓடியது. இன்னொன்று அதைப் பார்த்தே ஓடிவிட்டது. அதற்குள் ஹாக்ஸ்பி கடப்பாரையோடு வந்துவிட்டார். ஒரே வீச்சு. ஹில்டாவின் தோள் எலும்பு முறிந்த சத்தம் சலோமிக்குத் தெளிவாகக் கேட்டது.

சலோமி பாய்ந்தாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்து அவர் முகத்தில் விளாசினாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவர் அவள் தலைமயிரைப் பிடித்துக் கல்லில் மோதினார், ஒரு தரம், மறு தரம். அவள் சரிந்து விழுந்தாள். கல்லையும் அதன் அடியில் இருப்பதையும் ஓடையில் தள்ளிவிட நினைத்து, அவர் கடப்பாரையைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினார்.

விடாத மழையில் ஊறிப்போன கரை அது. மொத்தமாகச் சரிந்தது. ஹாக்ஸ்பி ஓடையில் விழ, கல் அவர் காலை நசுக்கிக்கொண்டு மேலே உட்கார்ந்தது. தண்ணீர் அவர் கழுத்தைத் தொட்டது.

இடிந்த கரையில் ஒரு மண்டையோடு தெரிந்தது. ஒரு பக்கம் அடிபட்டுப் பிளந்திருந்தது. அதன் கீழே சேற்றில் மஞ்சளாக ஏதோ மின்னியது. சலோமி தவழ்ந்துபோய் அதை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தாள். சின்னஞ்சிறு பல் பதிந்த பள்ளம் விரலில் தட்டியது. தலையில் வழிந்த ரத்தத்தையும் மறந்து அவள் வாய்விட்டு அழுதாள்.

"விடுக்கா, சாவட்டும் அவன்," என்றான் ஜெபதுரை.

உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அதே ஆசைதான். தண்ணீர் அவர் வாய்வரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கடப்பாரையைத் தேடி எடுத்தாள்.

"அவன் சாவக் கூடாதுல. அவ ஓடலன்னு அவன் வாயால சொல்லணும்."

அக்காவும் தம்பியும் சேர்ந்து நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். அலறல் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள் ஹாக்ஸ்பியை இழுத்துப் போட்டார்கள். கரையில் கிடந்தபடியே அவர் எல்லாவற்றையும் கக்கினார். ஊரில் பெருமையடிப்பதற்காக, வயலில் கிடைத்ததாகச் சொன்னது பொய். அந்த நகை வீட்டிலேயே இருந்தது, அதன் கதையும் வழிவழியாக இருந்தது. மகளிடம் போக வேண்டும் என்று கப்பல் பிடிக்கக் கிளம்பிய ஆயாவை, துரை ஓடைவரை துரத்திவந்து, ஒரு காதுப் பாம்படத்தைப் பிய்த்து, மண்டையில் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். யாரும் எடுக்காத பிணம் எல்லையிலேயே புதைக்கப்பட்டிருக்கிறது. ஜோடி கிடைத்தால் குடும்ப மானம் போகுமே என்றுதான் இத்தனை ஆட்டமும். பாதிரியார் முதல் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். இந்த முறை ஏன் என்று தெரிந்தே கழற்றினார்கள்.

போலீஸும் சட்டமும் வேலையை முடித்த பிறகு ஞானப்பூவைத் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மகள் கடித்த பாம்படத்தை அவளோடேயே வைத்தாள் சலோமி. பெட்டியில் இருந்தது பாளையங்கோட்டைக்கு வந்தது.

திரும்பி வராதவளை ஓடிப்போனாள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவது சுலபம். போய்த் தேடுவதற்குத்தான் யாருக்காவது மனது வர வேண்டும்.

அம்மா அந்தப் பாம்படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே அந்த அத்தையின் வீட்டுக்குப் போனாள். மேசைமேல் அதை வைத்தாள்.

"எங்க ஞானப்பூ ஓடல. பிள்ளைகிட்ட வரத்தான் நடந்தா," என்றாள்.

அத்தை அதைத் தொட்டுப் பார்த்தாள். உட்காருங்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கடைசியில் தடுமாறிச் சொன்னாள். அம்மா கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.