மிளகு ஏன் ஏறியது

காலை 9.40. போடி ஏலக்காய்க் கிடங்கின் வாசலில் சண்முகத்தாய் தன் சேலையை உதறினாள். முதலாளி விஜயகுமார் உதறச் சொல்லியிருந்தான். காய் பிரிக்கும் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். எதுவும் விழவில்லை.

9.55. சப்-இன்ஸ்பெக்டர் நாகஜோதி வந்தாள்.

“என்ன போச்சு?”

“பதினெட்டு லட்சம் மேடம். நேத்து சாயங்காலம் கம்ப்யூட்டர்ல இருந்த சரக்கு மதிப்பு இன்னைக்கு இல்ல. கிடங்குச் சாவி இவகிட்டதான்.”

“மூட்டை குறையுதா?”

“குறையல. நல்ல காய எடுத்துட்டு மட்டக் காய ரொப்பிட்டா.”

“நான் தொடல ஆத்தா,” என்றாள் சண்முகத்தாய்.

நாகஜோதி ஆறு மூட்டைகளைப் பிரித்து அடியிலிருந்து அள்ளினாள். பச்சை மாறாத காய். முதல்தரக் காய் மட்டும் மேலே தங்கும் எட்டு மில்லி சல்லடையில் சலித்தாள். ஒன்றும் கீழே விழவில்லை.

10.30. அலுவலக அறை. சுவரில் விஜயகுமாரின் அண்ணன் சுந்தரலிங்கத்தின் படம், புது மாலையோடு. தொழிலில் இருவரும் பாதிப் பாதி. திங்கட்கிழமை, சரக்கு மதிப்பைப் பார்த்து, அண்ணி தேவயானிக்குப் பாதியைப் பணமாகப் பிரித்துத் தரவேண்டும்.

விஜயகுமார் இரண்டு நாள் அறிக்கையையும் நீட்டினான். ஏலக்காய் மதிப்பு சரிந்திருந்தது. அடுத்த வரி மிளகு. அது ஏறியிருந்தது.

“மிளகு எங்கன இருக்கு?”

“லோயர் கேம்ப் கிடங்குல. கொஞ்சம்தான். சாவி என்கிட்ட.”

“நேத்து வாங்குனீகளா?”

“பூட்டத் தொறந்தே ஒரு வாரமாச்சு.”

“அப்புறம் எப்படி ஏறுச்சு? இவ இங்கன ஏலக்காயத் திருடி, அங்கன மிளகு கொண்டுபோய் வச்சாளா?”

போலீஸில் சேருமுன் நாகஜோதி ஜவுளிக்கடையில் இதே மென்பொருளில் கணக்கு எழுதியவள். செட்டிங்கைத் திறந்தாள்.

“இவ்வளவு வருசமும் வாங்குன விலைக்கெல்லாம் சராசரி போட்டு மதிப்பு எடுத்திருக்கீக. நேத்து ராத்திரி அத மாத்தியிருக்கு. இப்ப கடைசியா வாங்குன விலைதான் மொத்தச் சரக்குக்கும். ஏலக்காய் விலை விழுந்து கெடக்கு, மதிப்பு சரிஞ்சுது. மிளகு விலை ஏறிக் கெடக்கு, அது ஏறுச்சு. ஒரு காய்கூட வெளிய போகல. இத மாத்த முதலாளி பாஸ்வேர்டு வேணும். ஒரு முதலாளி படத்துல இருக்காக. இன்னொருத்தர் நீங்க.”

“மேடம், இது குடும்ப விசயம்...”

“பங்கு குறையணும். ஏன் குறைஞ்சுதுன்னு அண்ணி கேட்டா, கைகாட்ட ஒரு திருடி வேணும். அதுக்கு இவளா கெடச்சா?”

கதவருகில் நின்ற சண்முகத்தாய் உள்ளே வந்தாள். சேலை இன்னும் சரியாகக் கொசுவப்படவில்லை.

“வெளிய எல்லாரும் அப்படியே நிக்கிறாக மொதலாளி. அவுக முன்னாடி இப்ப உங்க வேட்டிய ஒதறுவீகளா?”