வெறும் ஃப்ளாஷ்

கேமராவின் சத்தத்தில் பாதியைக் காணோம்.

பதினாறு வருடமாகக் காதோடு ஊறிப்போன சத்தம் அது. உள்ளே இருக்கும் குட்டிக் கண்ணாடி மேலே எழும்பும்போது ஒரு டக், படம் பதிந்து அது கீழே இறங்கும்போது இன்னொரு டக். மாப்பிள்ளை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கல்யாணப்பெண்ணான தங்கையிடம் நீட்டியபோது அவன் பொத்தானை அழுத்தினான். முதல் டக் வந்தது. இரண்டாவது வரவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே கும்மிருட்டு, பின்பக்கத் திரையிலும் ஒன்றுமில்லை. தங்கை கையெழுத்துப் போட்டாள், எல்லோரும் கை தட்டினார்கள், அவன் மட்டும் லென்ஸைத் திருகிக்கொண்டே நின்றான்.

போன வாரமே இரண்டு தடவை இப்படி மக்கர் பண்ணியதுதான். கேமராவின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான், சரியாகிவிட்டது. அதாவது, சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

"வெளியாள் யாரையாவது வரச் சொல்லுப்பா. நீ அண்ணனா லட்சணமா நின்னு வந்தவங்களைக் கவனி" என்று பெரியம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். "என் தங்கச்சி கல்யாணத்துல இன்னொருத்தன் கேமரா பிடிக்கிறதா?" என்று மார்தட்டியவன் இவன். அதோடு விட்டானா? இந்தக் காலத்தில் எந்தக் கல்யாணப் படத்தைப் பார்த்தாலும் ஆளுக்கு முன்னால் போன்தான் தெரிகிறது என்று எரிச்சல்பட்டு, காலையிலேயே வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, வந்தவர்கள் அத்தனை பேரின் போனையும் வாங்கிப் போட்டு, மண்டபத்து ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டிவிட்டான். சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை. போய்த் திறந்து ஒரு போனை எடுத்து வந்தால் போதும். ஆனால் போகும் முன் இத்தனை பேர் நடுவில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேமரா போச்சு என்று சொல்ல வேண்டும்.

அதைத் தவிர மற்ற எல்லாம் செய்தான்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினான். கார்டை உருவித் துடைத்துப் போட்டான். கேமராவின் தலையில் மாட்டியிருந்த ஃப்ளாஷுக்கு மட்டும் தனி பேட்டரி, அது உயிரோடு இருந்தது. அதன் முதுகில், விளக்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு சின்னப் பொத்தான். பதற்றத்தில் கட்டைவிரல் அதில் பட்டுவிட, பளீரென்று ஒரு வெளிச்சம். மேடையில் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்தில் நின்றிருந்த பெரியம்மா, "நல்லா விழுந்துச்சா? கண்ணை மூடிட்டேனோ என்னவோ" என்றாள்.

"சூப்பரா வந்திருக்கு பெரியம்மா."

அவன் யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. அப்புறம் எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது?

அதிலிருந்து வெறும் ஃப்ளாஷ்தான். வரிசையாக வந்து நின்றார்கள். சித்தப்பா குடும்பம், மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆட்கள், முதல் வகுப்பில் தங்கைக்குப் பாடம் சொன்ன டீச்சர். அவன் அந்த இருட்டுப் பொந்தில் கண்ணை அழுத்திக்கொண்டு, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, இங்க பாருங்க, சிரிங்க, அசையாதீங்க" என்று ஒன்றும் தெரியாமலே சொல்லிச் சொல்லிப் பொத்தானை அமுக்கினான். ஒவ்வொரு பளீருக்கும் உடம்பு கூசியது. சென்ட்டும் வியர்வையும் வாடத் தொடங்கிய பூவும் கலந்த வாசனை மேடையெங்கும் அடித்தது. இன்னொன்றும் இருந்தது. வெளிச்சம் அடித்த பிறகும் அவர்கள் உடனே கலையவில்லை. "ஆச்சு, இறங்கலாம்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இறங்கியவர்களும் படிகளில் கால் வைத்துக்கொண்டே தலையைத் திருப்பி, அதே சிரிப்போடு அவனையே பார்த்துக்கொண்டு போனார்கள். குற்றமுள்ள நெஞ்சுக்கு எல்லாம் அப்படித்தான் படும் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு அப்பா வந்தார். ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரண்டு மணி நேர அனுமதி. சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் நெஞ்சு, படியேறி ஓடி வந்தவன் நெஞ்சைவிட வேகமாக ஏறி இறங்கியது. இந்த வாரம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் தனியாகச் சொன்னது அவனுக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். தங்கைக்கும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணா, அப்பாவோட ஒண்ணே ஒண்ணு. நல்லா எடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பையில் சாவி நெஞ்சை உறுத்தியது. அப்பா அவனையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவனைக் கெடுத்தது. மூச்சிரைப்பில் அப்பாவின் தோள் ஆடிக்கொண்டே இருக்க, தொழில் பழக்கம் தானாக வாயில் வந்தது.

"மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்கப்பா. ஆ, அப்படித்தான். முகவாயை மட்டும் தூக்குங்க. அசையாதீங்க."

பளீர்.

"எடுத்துட்டேன்" என்றான். சொந்தக் குரலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வேகமாகப் போய் மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். மடக்கிய நாற்காலிகளின் நடுவில், தூசியும் ஈரச் சாக்கும் நாறும் அந்த இடத்தில் உட்கார்ந்து, லென்ஸைக் கழற்றி, ஒட்டிக்கொண்ட கண்ணாடியைத் தரையில் கிடந்த ஒரு ஹேர்பின்னால் நெம்பிப் பார்த்தான். அசையவில்லை. அழுகை வந்தது. சாகப்போகிற மனுஷனிடம்கூடப் பொய் சொல்லியாயிற்று. கண்ணைத் துடைத்துவிட்டு லென்ஸை மறுபடி மாட்டும்போதுதான் காது கவனித்தது. இவ்வளவு நேரம் கதவுக்கு அப்பால் நாற்காலி இழுபடும் சத்தம், தட்டுகளின் சத்தம், எங்கோ ஒரு குழந்தையின் சிணுங்கல், மாப்பிள்ளை ஆட்களின் வெடிச்சிரிப்பு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது மின்விசிறி மட்டும் கேட்டது.

சாப்பிடப் போயிருப்பார்கள்.

கதவைத் திறந்தான்.

யாரும் போகவில்லை. மேடையில் இருந்தவர்கள், நாற்காலி வரிசைகளின் இடையில் இருந்தவர்கள், நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் இந்தக் கதவைப் பார்த்து நின்றார்கள். எல்லோர் முகத்திலும் அவன் வரவழைத்த சிரிப்பு.

"என்ன பெரியம்மா, எல்லாரும் சேர்ந்து என்னைக் கலாய்க்கிறீங்களா?"

கிட்டே போனான். அவள் பற்கள் காய்ந்து வெளுத்திருந்தன. மேலுதடு பல்லோடு ஒட்டியிருந்தது. இமை மூடவில்லை. மூடாத கண்ணிலிருந்து நீர் இறங்கி, சிரிப்பின் மடிப்பில் தேங்கி, முகவாயில் சொட்டியது.

டீச்சரும் அப்படியே. மாப்பிள்ளையும் அப்படியே. யாரோ தூக்கி வைத்திருந்த குழந்தையும்.

"எடுத்துட்டியாண்ணா?"

தங்கையின் குரல். உதடு அசையவில்லை. சிரிப்புக்குள்ளிருந்து வந்தது. கன்னச் சதை மட்டும் துடித்தது. அப்பாவின் தோளில் அவள் கை.

அவன் அப்பாவைப் பார்த்தான். நெஞ்சு ஏறியிருந்தது.

இறங்கவில்லை.

சுவர்க் கடிகாரம் நாலு இருபது காட்டியது. ஃப்ளாஷ் அடித்தது மூன்றரையை ஒட்டி. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. உதடு நீலம். கண் மட்டும் உயிரோடு. அந்தக் கண் அவனை நம்பியது.

"மூச்சு விடுங்கப்பா! போதும், விடுங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினான். கட்டை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போன் எடுக்க ஆபீஸ் அறைக்கு ஓடினான். நடைபாதையை அடைத்து நின்றார்கள். தள்ளினான். யாரும் நகரவில்லை. நட்டுவைத்த கம்பங்களாக இருந்தார்கள். இடுக்கில் நுழையப் பார்த்தான். முடியவில்லை. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சிரிப்புகள். காய்ந்த வாய்களின் வாடை.

அப்போதுதான் புரிந்தது. படம் இன்னும் எடுக்கப்படவில்லை. அவர்கள் காத்திருக்கிறார்கள்.

"எடுக்கல!" என்று கத்தினான். "ஒண்ணுகூட எடுக்கல! கேமரா போச்சு! பொய் சொன்னேன், எல்லாரும் மன்னிச்சிடுங்க, தங்கச்சி, அப்பா, மன்னிச்சிடுங்கப்பா!"

சொல்லிவிட்டான். தரையில் உட்கார்ந்தான். வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். யாராவது திட்டட்டும். யாராவது வந்து அறையட்டும்.

செருப்புச் சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. பிறகு நிறைய.

தலையைத் தூக்கினான். மண்டபத்தின் வாசல் கதவு திறந்து கிடந்தது. முதலிலேயே விடைபெற்று வீட்டுக்குப் போனவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா. சித்தப்பாவின் பிள்ளைகள். வீட்டு உடையில் ஒருத்தி, சோப்பு நுரை வழியும் கையோடு. எல்லோரும் சிரித்துக்கொண்டு. அடைத்து நின்றவர்களும் அசைந்தார்கள். நெரிசல் இல்லை, பேச்சு இல்லை. உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால், அவன் சொல்லாமலே வரிசை கூடியது. சிலர் உடையை நீவிவிட்டுக்கொண்டார்கள். பெரியம்மா முன்நெற்றி முடியை ஒதுக்கினாள்.

தங்கை குனிந்து சக்கர நாற்காலியை மெல்லத் தள்ளி, நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பியது. அப்பா நெஞ்சு நிறைய மூச்சோடு, கருநீல உதடுகளை இன்னும் கொஞ்சம் அகல விரித்து, முகவாயைத் தூக்கிக் காட்டினார்.